பன்னும் பாயும் பருவங்களும்

ஓர் ஊரின் பழமையை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் கல்லையும் செம்பையும் நாடிச் செல்வர். கல்வெட்டும் செப்பேடும் காலத்தின் கைக்கு எளிதில் அகப்படாமல் நிற்பவை. ஆதலின் அவற்றின் சொல்லுக்கு அறிஞர் அவையில் மதிப்பு மிகுதி. ஆனால், சில ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்து, ஓரம் கிழிந்து, முடிவில் அடுப்புக்கோ எருக்குழிக்கோ போய்ச் சேரும் ஒரு பாய்க்கும் வரலாறு உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. பாய் அழியும், அதை இழைக்கும் கை அழியாமல் தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் செல்லும். அவ்வாறு கைவழி வந்த வரலாறு ஒன்று கிழக்கிலங்கையின் கரையோரத்தில், சம்மாந்துறையிலும் அதன் சுற்றூர்களிலும் நெடுங்காலம் வாழ்ந்து வந்திருக்கின்றது. அது எதனால் வாழ்ந்தது, எதனால் இன்று தளர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனையிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் பாதையில், கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி அமைந்தது சம்மாந்துறை. சம்பான் எனப்படும் தோணிகள் வந்து தரித்த துறையாதலின் சம்பான்துறை என்றாகி, அப்பெயரே மருவிச் சம்மாந்துறை ஆயிற்று என்பது ஊரார் கூற்று. இன்று துறையைக் காட்டிலும் வயலே அவ்வூரின் அடையாளம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வட்டைகள். வட்டைகளுக்கு இடையே வாய்க்கால்கள். அவற்றின் ஓரத்துப் பள்ளங்களில் புல்லும் பன்னும். நெல்லை நம்பி வாழும் இந்த முஸ்லிம் ஊரிலே வீட்டுக் கைப்பணிகள் யாவும் வயலின் பருவத்தைப் பார்த்தே பிறந்தன.

இரண்டு கணக்குகள்

இப்பகுதி மக்கள் ஒரே சமயத்தில் இரண்டு நாட்காட்டிகளுக்குள் வாழ்பவர்கள். வெள்ளாமைக்குச் சூரியனின் கணக்கு. பெருநாளுக்குப் பிறையின் கணக்கு. வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் அறுப்பது பெரும்போகம். சித்திரையை ஒட்டி விதைத்து ஆவணியளவில் அறுப்பது சிறுபோகம். இவை ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில் வந்து போகும். பிறையின் கணக்கோ அவ்வாறு நிற்பதில்லை. பிறையாண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்களே ஆதலின், நோன்பும் பெருநாள்களும் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள்கள் முன்நோக்கி நகரும். முப்பத்து மூன்று ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் சுற்றிவிடும். 1998ஆம் ஆண்டின் நோன்பு டிசம்பர் மாரியிலே தொடங்கிற்று. 2015இல் அது யூன் மாதத்துக் கச்சான் காற்றின் வெப்பத்திலே வந்தது. 2025இல் மார்ச்சு மாதத்து அறுவடையோடு கலந்தது. 2031இல் அது மீண்டும் டிசம்பரை அடைந்துவிடும்.

இதனை வெறும் வானியற் செய்தியாகக் கொள்ளலாகாது. வீட்டுப் பெண்களின் வேலைத்திட்டமே இதனுள் அடங்கியிருந்தது. பெருநாளைக்குப் புதுப்பாய் விரிக்கவேண்டும். ஆனால் பெருநாள் மாரியில் வருமாயின் பன்னை எங்கே உலர்த்துவது? தொதல் கிண்டுவதற்கு அரிசி மா வேண்டும். ஆனால் பெருநாள் அறுவடைக்கு முன் வருமாயின் பழைய நெல்லில் எவ்வளவு மீத்து வைப்பது? நகரும் கணக்கையும் நகராத கணக்கையும் பொருத்திப் பார்த்து, ஆறு மாதங்களுக்கு முன்னரே ஆயத்தஞ் செய்தவள் இல்லத்தரசி. எழுத்தறியாத உம்மம்மாமார் பலர் இக்கணக்கில் தவறியதில்லை என்றால், அவர்களைக் கல்லாதவர் என்று எவ்வாறு கூறுவது?

கச்சானில் அறுவடையாகும் பன்

கைப்பணியின் ஆண்டு கச்சான் காற்றோடு தொடங்குகின்றது எனலாம். வைகாசி முதல் ஆடி வரை மேற்கிலிருந்து வீசும் இவ்வறண்ட காற்று மேனியை வாட்டும். குளத்தையும் பள்ளத்தையும் வற்றச் செய்யும். ஆயினும் பாயிழைப்போருக்கு அதுவே உற்ற துணை. நீர் வற்றிய சதுப்பிலே நெடிது வளர்ந்து நிற்கும் பன்னை அடியோடு சேர்த்து அறுத்து, கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவர். முற்றத்திலே பரப்பி உலர்த்துவர். நன்கு உலராத பன் பூஞ்சணம் பிடிக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்த பன் கைபட்டாலே ஒடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தை அறிவது கண்ணுக்கும் விரலுக்கும் உரிய கல்வி.

உலர்ந்த பன்னில் ஒரு பகுதி சாயத்துக்குப் போகும். பதங்கக் கட்டையை அவித்துச் சிவப்பும், மஞ்சளை அவித்து மஞ்சள் நிறமும் எடுத்த காலம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் கடைச் சாயத்தூள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கொதிக்கும் சாயநீரில் பன்னை இட்டுப் புரட்டி எடுத்து, மீண்டும் நிழலில் உலர்த்திக் கட்டி, மழை படாத பரணில் ஏற்றிவிட்டால் ஆண்டுக்குரிய மூலப்பொருள் ஆயத்தம்.

அதே நாள்களில் வேலியோரத்தில் வேறொரு வேலை நடைபெறும். தென்னோலையை நடுவே பிளந்து, நீரில் ஊறவிட்டு, பதமான பின் எடுத்துக் கிடுகு பின்னுவர். வீட்டுக் கூரை, அடுக்களைத் தாழ்வாரம், வளவைச் சுற்றிய வேலி ஆகிய மூன்றுக்கும் கிடுகு வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பழைய கிடுகை இறக்கிப் புதிய கிடுகால் கூரை வேயாத வீடு, ஐப்பசி மழைக்கு முன்னே தலைகுனிய நேரும். வேய்கின்ற நாளிலே அயலவர் கூடுவர். கூலி பேசாத கூட்டம் அது. இன்று உன் கூரை, நாளை என் கூரை என்ற எழுதாத ஒப்பந்தமே அதன் சட்டம்.

மாரியில் இழையும் பாய்

ஐப்பசியில் விதைப்பு முடிந்து வானமும் இருண்டுவிட்டால், வயல் ஆடவருக்கும் வீடு மகளிருக்கும் என்று பணி பிரிந்துவிடும். மழையோசை கேட்கும் திண்ணையிலும் உள்வீட்டிலும் பாயிழைப்பு நடைபெறும். மாரியின் ஈரக்காற்றில் பன் முறியாமல் வளைந்து கொடுக்கும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இங்கே ஒரு சொல்லை நோக்கவேண்டும். மருதமுனையிலே தறியில் ஆக்கப்படும் சாரத்தையும் சேலையையும் 'நெய்தல்' என்போம். பாயையும் பெட்டியையும் 'இழைத்தல்' என்பதே இப்பகுதி வழக்கு. நெய்வதற்குத் தறி வேண்டும். இழைப்பதற்குப் பத்து விரல்களும் ஒரு தரையும் போதும். பாய் வளர வளர, இழைப்பவள் தான் இழைத்து முடித்த பகுதியின் மேலேயே குந்தியிருந்து முன்னே நகர்வாள். அவள் உடலின் பாரமே பாயைப் பிடித்துவைக்கும் சட்டகம். வடிவத்துக்கு வரைபடம் கிடையாது. எத்தனை வெள்ளைப் பன்னுக்கு ஒரு சிவப்புப் பன் என்று எண்ணிக்கையை மனத்திலே இருத்தி, விரல்கள் அக்கணக்கைச் சொல்ல, கட்டமும் கோடும் பாயிலே எழும். எண்ணிக்கை ஒன்று பிசகினால், சில சாண் இழைத்த பின்னரே பிசகு கண்ணுக்குத் தெரியும். அவ்வளவையும் பிரித்துத்தான் ஆகவேண்டும். பொறுமை என்ற சொல்லுக்குப் பொருள் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

பாய்களுள்ளும் தரம் உண்டு, பயன் உண்டு. நாளாந்தம் படுப்பதற்கு ஒரு பாய். விருந்தினருக்கு விரிக்கச் சாயப்பாய். ஒருவர் நின்று தொழும் அளவுக்குத் தொழுகைப்பாய். குழந்தையைக் கிடத்தச் சிறிய தடுக்கு. மணமக்களுக்கென்று நிறம் மிகுந்த கலியாணப்பாய். பிறப்பு முதல் இறப்பு வரை மனிதன் உடல் படியும் முதற்பொருளும் இறுதிப் பொருளும் பாயே ஆகின்றது.

களவெட்டியிலே கைப்பொருள்கள்

மாசி பிறந்ததும் வயல் விளையும். முன்பெல்லாம் அரிந்த கதிரைக் கட்டிக் களவெட்டிக்குக் கொண்டுவந்து சூடு வைப்பர். பின்னர் மாடுகளைக் கட்டிச் சூடு மிதிப்பர். போடியார், வட்டவிதானை, முல்லைக்காரன் என்று ஒவ்வொருவருக்கும் உரிய இடமும் பங்கும் அங்கே உண்டு. களத்திலே நெல்லை நெல் என்னாது 'பொலி' என்று வாழ்த்துச் சொல்லால் வழங்குவதும் பழைய மரபு. தமிழ் இந்து உழவருக்கும் முஸ்லிம் உழவருக்கும் பொதுவான பெருஞ்செல்வம் இச்சொற்கள். மட்டக்களப்புப் பகுதியின் இத்தகைய வழக்குகளை வித்துவான் வி. சீ. கந்தையா தம் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலிலே 1964ஆம் ஆண்டு பதிவு செய்தார்.

இக்களவெட்டிக்கு வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வந்தன? பொலி தூற்றச் சுளகு, அள்ளப் பெட்டி, சுமக்கக் கடகம், காயவைக்கப் பெரும்பாய் என்று யாவும் வீட்டுக் கைகள் ஆக்கியவை. அறுவடைக்கு முன் அவை ஆயத்தமாகாவிடின் களத்திலே நெல் கிடந்து அழியும். எனவே பெண்ணின் கைப்பணி ஓய்வுநேர அலங்காரம் என்ற எண்ணம் பிழையானது. அது வெள்ளாமையின் ஓர் உறுப்பாகவே விளங்கிற்று.

நெல் வீடு வந்ததும் முதல் உரிமை ஏழைக்கு. மழைநீரில் விளைந்ததாயின் பத்தில் ஒன்றும், உழைத்து நீர் இறைத்து விளைவித்ததாயின் இருபதில் ஒன்றும் ஸக்காத் என்பது மார்க்கச் சட்டம் வகுத்த அளவு. அதன் பின்னர்ப் புதிர். புது நெல்லை உரலிலே குற்றிப் புடைத்து, தேங்காய்ப் பாலிட்டுப் பாற்சோறு சமைத்து, ஓதி, அயலுக்கும் பகிர்ந்து உண்பர். பச்சைப்பெருமாளும் சீனட்டியும் விளைந்த நாள்களில் அப்புதிருக்குத் தனி மணமும் நிறமும் இருந்தன. ஆண்டின் பிற நாள்களிலும் அரிசியே பணியாரமாகும்: நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசலில் கஞ்சி, பெருநாளைக்குத் தொதலும் வட்டிலப்பமும். தொதற் சட்டியைச் சுற்றிப் பெண்கள் மாறி மாறி நின்று, கை சோராமல் மணிக்கணக்காகக் கிண்டுவது தனியொருத்தியால் ஆகாத வேலை. ஊரின் கூட்டுறவுக்கு அச்சட்டியும் ஒரு சான்று.

வீடே பாடசாலை

இத்தனை நுட்பங்களும் எழுத்தின்றி, ஏடின்றி, எவ்வாறு தலைமுறை கடந்து வந்தன? விடை, இப்பகுதியின் குடும்ப அமைப்பிலே இருக்கின்றது. கிழக்குக் கரையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை நிலவி வந்துள்ளது. குடி தாயின் வழியே வரும். பள்ளிவாசல் மரைக்காயர்களைத் தெரிவதிலும் குடிக்கு இடமிருந்தது. திருமணமானதும் பெண் கணவன் வீட்டுக்குச் செல்வதில்லை. கணவனே பெண்ணின் வீட்டுக்கு வருகின்றான். பெற்றோர் தாம் இருந்த வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அண்மையிலோ சிறிய வீடொன்றில் இளைய பெண்களோடு குடிபுகுவர்.

இவ்வமைப்பின் விளைவை எண்ணிப் பாருங்கள். தாயும் மகளும் பேத்தியும் பிரியாமல் ஒரே வளவிலே வாழ்கின்றனர். மாமியார் வீட்டுப் புதுவழக்கத்தைக் கற்கவேண்டிய தேவை பெண்ணுக்கு இல்லை. உம்மம்மா இழைக்கும் பாயின் ஓரத்தில் தவழ்ந்து விளையாடும் குழந்தை, ஐந்து வயதிலே பன்னை எடுத்துக் கொடுக்கின்றது. எட்டு வயதிலே தடுக்கு இழைக்கின்றது. பூப்பெய்தும் வயதிலே தன் கலியாணத்துக்குரிய பாயைத் தானே தொடங்குகின்றது. மருதோன்றி இடும் இரவிலும், பெண்கள் குரவையிடும் கலியாண நாளிலும் அப்பாயே அவையிலே விரிகின்றது. பாடவேளை குறிக்காத, பரீட்சை வைக்காத பாடசாலை அது. அதன் கட்டடம் தாய்வழி வீடு.

தேய்வின் காரணம்

இப்பாடசாலை இன்று ஏன் மாணவரின்றி நிற்கின்றது? பிளாத்திக்குப் பாயும் கடைப் பொருளும் வந்தன என்று ஒற்றை வரியில் விடை கூறுவோர் பலர். அது உண்மையின் ஒரு கூறு மட்டுமே. வேலை மறையுமிடத்துக் கருவியும் மறையும் என்பது பொதுவிதி. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து 1949ஆம் ஆண்டளவில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயலுக்கு உறுதியான நீரைத் தந்தது. குறுகிய காலத்தில் விளையும் புதிய நெல்லினங்கள் பின்னர் வந்தன. உழவு இயந்திரமும், அதன் பின் வயலிலேயே அறுத்து அடித்துத் தூற்றிச் சாக்கில் நிரப்பும் பேரியந்திரமும் வந்தன. சூடு இல்லை, களவெட்டி இல்லை, ஆகவே சுளகும் பெரும்பாயும் கேட்பாரற்றுப் போயின. ஓட்டுக் கூரையும் மதிலும் கிடுகின் இடத்தைப் பிடித்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் கரையோர ஊர்களின் உயிரையும் உடைமையையும் வாரிச் சென்றபோது, மருதமுனைத் தறிகளும் அதற்குத் தப்பவில்லை.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. கைப்பணியைக் காத்து வளர்த்த அதே சீதன வீட்டு மரபே இன்று அதன் வேரை அறுக்கின்றது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு வேண்டும். கடலுக்கும் வயலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய நிலத்திலே வளவுகள் துண்டு துண்டாகி நிரம்பிவிட்டன. இனி வீடு கட்ட இடம் எங்கே? பள்ளநிலத்தை மண்ணிட்டு நிரப்புவதே வழியாகின்றது. அப்பள்ளத்திலேதான் பன் வளர்ந்தது. மாரி வெள்ளம் வடிந்து தங்கியதும் அங்கேதான். மகளுக்கு வீடு கொடுக்கும் அன்பு, அவ்வீட்டிலே விரிக்கவேண்டிய பாயின் பயிரைப் புதைத்துவிடுகின்றது. இதில் எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது. ஆயினும் இம்முரணைக் காணாமல் மரபைப் பற்றிப் பேசுவது வெறும் புகழுரையாகவே முடியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். குனிந்து இழைத்த முதுகின் வலியையும், சாயக்கொதியின் சூட்டையும், நாள்கள் பல உழைத்த பாய்க்குக் கிடைத்த அற்ப விலையையும் மறந்து, பழைமையைப் பொற்காலம் என்று பாடுவது அறமாகாது. இன்று அப்பெண்களின் பேத்திகள் ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் விளங்குகின்றனர். ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களில் தோன்றியது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இயங்குகின்றது. பாயை விட்டு நூலை ஏந்திய பெண்ணைப் பார்த்து, மரபை இழந்தாய் என்று எவரும் இரங்க வேண்டியதில்லை. அவள் கற்பதற்கு அக்கால உழைப்பின் வருவாயும் பல இல்லங்களில் துணைநின்றது.

செய்யத்தக்கது என்ன?

அப்படியாயின் காக்கவேண்டியது எது? ஒவ்வொரு வீட்டிலும் பெண் பாயிழைக்கவேண்டும் என்று விதிப்பதற்கில்லை. அறிவு அழியாதிருக்கவேண்டும், இழைக்க விரும்புவோருக்கு உழைப்புக்கேற்ற விலை கிடைக்கவேண்டும், பன் வளரும் பள்ளத்திலே சிறிதாவது எஞ்சவேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவியவை. நல்ல விலை கிடைத்தாற்றான் பன்னைப் பயிராக மதிப்பர். பயிராக மதித்தாற்றான் பள்ளத்தை நிரப்பத் தயங்குவர். பாய்க்காக விடப்படும் பள்ளம் வெள்ளத்துக்கும் வடிகாலாகும் என்பதை ஊராட்சி செய்வோர் மறத்தலாகாது.

காத்தான்குடியிலே பூர்வீக நூதனசாலை ஒன்று அமைந்து, கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாழ்க்கைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கின்றது. பாராட்டத்தக்க பணி அது. ஆயினும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாய், தன்னை எவ்வாறு இழைப்பது என்று எவருக்கும் சொல்லித் தராது. சொல்லித் தரக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர், அவர்களோ முதியவர்கள்.

இவ்விடத்திலேதான் ஆசிரியரும் மாணவரும் இலக்கிய அன்பரும் முன்வர வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்தமையால் அவை நமக்குக் கிட்டின. பாட்டுக்குக் கிடைத்த அந்த அக்கறை பாய்க்குக் கிடைத்ததில்லை. கவியைப் பாடிய வாயும் பாயை இழைத்த கையும் ஒரே பெண்ணுக்கு உரியவை அல்லவா? ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு முடிச்சுக்கும் மடிப்புக்கும் ஒரு சொல் உண்டு. அகராதியில் ஏறாத அச்சொற்கள் பேசுவோரோடு மறைகின்றன. தமிழ்ப் பாடத்துக்கு ஒப்படை தேடும் ஆசிரியருக்கு இதனினும் நல்ல பொருள் வேறு எது?

வழி எளிது. ஒரு வகுப்பு மாணவர் முப்பது பேர் இருப்பின், முப்பது வளவுகளிலே முப்பது முதியோர் உளர். ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும்: பாய், தடுக்கு, சுளகு, நீத்துப்பெட்டி, கிடுகு, தொதற் சட்டி. எந்த மாதத்தில் எதை வெட்டினர், எவ்வாறு உலர்த்தினர், எதனை எண்ணி இழைத்தனர், எந்த நாளுக்கு அது வேண்டியிருந்தது என்று கேட்டு எழுதட்டும். படமும் எடுத்துச் சேர்க்கட்டும். ஓராண்டின் முடிவிலே அவ்வூரின் பருவங்கள் அனைத்தும் ஒரு கொப்பியிலே அடங்கிவிடும். பெருஞ்செலவோ பேரறிஞர் துணையோ இதற்கு வேண்டியதில்லை. உம்மம்மாவின் அருகே சென்று அமர்ந்து, அவர் கையிலுள்ள பன்னைக் காட்டி, 'இதற்கு என்ன பெயர்?' என்று கேட்பதே முதற்பணி. அதனை அவர் விடை கூறவல்ல நாள்களிலேயே கேட்டுவிடவேண்டும்.